விருது வாங்கிய ஐந்து பேர் இருக்கட்டும், உடன் படித்தவர்கள் எங்கே?

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய தனியார் பொறியியல் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்தேன். 'சிறந்த முன்னாள் மாணவர்' விருது வாங்கிய ஐந்து பேரின் படம், தோளில் சால்வை, கீழே பெரிய பெரிய பதவிகள். "இங்கே படித்தவர்கள் இவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கிறார்கள். மகளின் கட்-ஆஃபுக்கு இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சிவில்தான் கிடைக்கும். கவுன்சலிங் சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது கல்லூரிகளை விருப்ப வரிசையில் போடும்போது, எதை முதலில் போடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஐந்து பேரின் வயதைப் பாருங்கள். ஐவருக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும் போலத் தெரிகிறது. அவர்கள் படித்தபோது இருந்த ஆசிரியர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள், பாடத்திட்டம் பலமுறை மாறியிருக்கும். முப்பது வருடத்துக்கு முந்தைய கல்லூரிக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது. உங்கள் மகள் சேரப் போவது இன்றைய கல்லூரியில்.

விருது பெற்றவர்களின் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்வது என்றால், 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியோடு போட்டி போடுவது யாருக்கும் கஷ்டம். அங்கே படித்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ராஜ் ரெட்டி 1958-இல் சிவில் முடித்தார். அப்போது இந்தியாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற இளநிலைப் பிரிவே கிடையாது. ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு, அங்கேயே ஐ.பி.எம்.மில் வேலை, பிறகு ஸ்டான்ஃபோர்டில் 1966-இல் முனைவர் பட்டம். செயற்கை நுண்ணறிவில் செய்த பணிக்காக 1994-இல் டூரிங் விருது வந்தது. கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் விருது அது. கிண்டியை விட்டு வெளியே வந்து 36 வருடம் கழித்து!

இன்னொருவர் வர்கீஸ் குரியன். லயோலாவில் இயற்பியல், கிண்டியில் மெக்கானிக்கல், 1943-இல் பட்டம். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போனார். உதவித்தொகை கிடைத்தது பால்வளப் பொறியியலுக்கு, அவருக்கோ உலோகவியலில்தான் ஆசை. திரும்பி வந்ததும் ஒப்பந்தப்படி அரசு வேலை பார்க்க வேண்டியிருந்ததால் 1949-இல் குஜராத்தின் ஆனந்துக்கு அரைமனதோடு போய்ச் சேர்ந்தார். அமுலும் வெண்மைப் புரட்சியும் அதற்குப் பிறகு வந்தவை. உலக உணவுப் பரிசு கிடைத்தது 1989-இல்.

இதைப் படித்துவிட்டு, சிவில் எடுத்தால் மகளும் டூரிங் விருது வாங்குவாள் என்று நினைத்துவிடாதீர்கள். 1958-இல் ராஜ் ரெட்டியோடு சிவில் முடித்த மற்றவர்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? பெற்றோர் பார்க்க வேண்டியது அந்த மற்றவர்களைத்தான். உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக வெளியே வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் டிப்ளமோ படித்தார், பிறகு சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் முதுநிலை, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். நான்கு இடங்களும் அவரை 'எங்கள் மாணவர்' என்று கொண்டாடலாம், நான்குமே உண்மைதான். ஆனால் எந்த இடம் அவரை உருவாக்கியது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. (சில கல்லூரிகள் நன்கொடை தரக்கூடியவரையும், அதிகாரத்தில் இருப்பவரையும் தேடிப் பிடித்து விருது கொடுப்பதும் நடக்கிறது. உங்கள் விளம்பரம் அப்படிப்பட்டது என்று சொல்லவில்லை.)

சரி, வேறு எதைப் பார்ப்பது? மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வருகிறது. அதில் பங்கேற்கும் கல்லூரி, தான் கொடுத்த தரவைத் தன் இணையதளத்திலேயே வைத்திருக்க வேண்டும். எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், மீடியன் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த பி.டி.எஃப்.பில் இருக்கும். எல்லாருடைய சம்பளத்தையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பதுதான் மீடியன். ஒரு மாணவருக்கு 40 லட்சம், மற்றவர்களுக்கெல்லாம் 4 லட்சம் என்றால் விளம்பரப் பலகையில் 40 லட்சம்தான் இருக்கும், மீடியன் 4 லட்சம் என்றே சொல்லும். கல்லூரி இந்தத் தரவைக் காட்டாமல் 'அதிகபட்ச பேக்கேஜ்' பற்றி மட்டுமே பேசினால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு குறை, இந்தத் தரவு பிரிவுவாரியாக இருக்காது. கிண்டியின் கணக்கும் அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயரில் மற்ற கல்லூரிகளோடு சேர்ந்தே வரும்.

அந்தக் குறையை முன்னாள் மாணவர்களை வைத்தே சரிசெய்யலாம். விருது வாங்கியவர்கள் வேண்டாம். படிப்பை முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்களைப் பிடியுங்கள். லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பெயரும் பிரிவும் போட்டுத் தேடினால் கிடைப்பார்கள். இரண்டு கல்லூரியிலும் இரண்டிரண்டு பேரிடம் பேசினால் போதும். அந்தப் பிரிவுக்கென்று உண்மையில் எந்தெந்த கம்பெனி வந்தது, வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர் இருந்தது, வேலை கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்ததா அல்லது வெளியே அலைந்து வாங்கியதா, சீனியர்கள் ரெஃபரல் (வேலைக்குப் பரிந்துரை) கொடுத்தார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். அலுமினி சங்கத்தால் மாணவருக்கு உருப்படியாகக் கிடைக்கும் பலன் அதுதான், ஆண்டு விழா மேடை அல்ல. இந்தக் கேள்விகளை மகளே கேட்கட்டும். நீங்கள் கேட்டால் மரியாதைக்காக "நல்ல காலேஜ்தான் ஆன்ட்டி" என்று முடித்துவிடுவார்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு சிவில் மேல் வெறுப்பு இல்லையென்றால் நான் கிண்டியைத்தான் முதலில் போடுவேன். கட்டணம் குறைவு, கூடப் படிக்கப் போகிறவர்கள் நன்றாகப் படித்து வந்தவர்கள், பக்கத்தில் எல்லாத் துறைகளும் இருக்கின்றன. ஆனால் "சிவில் படித்துவிட்டு ஐ.டி.க்குப் போய்விடலாம்" என்பதுதான் திட்டம் என்றால், நான்கு வருடமும் கோடிங்கைத் தன் சொந்த நேரத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும், சர்வே, ஸ்ட்ரக்சர் பாடங்களை விட்டுவிடாமல். அது முடியும் என்று அவளே சொல்ல வேண்டும். மென்பொருள்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்து, அந்தத் தனியார் கல்லூரியின் மீடியனும் சீனியர்களின் பதிலும் திருப்தியாக இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸை மேலே போடுங்கள், தப்பில்லை. பட்டியலை லாக் செய்வதற்கு முன் அந்த நான்கு பேரிடம் பேசி முடித்துவிடுங்கள். அவர்கள் சொன்னதை எனக்கும் அனுப்பினால் வரிசையைச் சேர்ந்து பார்க்கலாம்.