பொண்ணுக்கு ஐஓடி பிரான்ச் எடுக்கலாமானு கேட்ட அப்பாவுக்கு

சார், உங்க வாய்ஸ் நோட் கேட்டேன், குரல்லயே பதட்டம் தெரியுது. ஈசிஇயா இல்ல பேர்லயே ஐஓடி (லைட், கேமரா மாதிரி பொருளை இன்டர்நெட்டோட இணைக்கிற துறை) இருக்கிற சிஎஸ்இயானு ரெண்டு நாளா வீட்ல யாரும் தூங்கலனு சொன்னீங்க. என் கருத்து, பிரான்ச் பேரைப் பாக்காதீங்க, நெட்வொர்க்கிங், ஆபரேட்டிங் சிஸ்டம், சி ப்ரோக்ராமிங், மைக்ரோகன்ட்ரோலர் (டிவைஸுக்குள்ள இருக்கிற குட்டி கம்ப்யூட்டர் சிப்) நாலையும் எந்த காலேஜ் லேப்ல உருப்படியா சொல்லித்தராங்கனு பாருங்க.

ஏன்னா இந்த ஃபீல்டுல ஆப்ல பட்டனைத் தட்டி லைட் எரிய வைக்க நிறைய பேருக்குத் தெரியும், ஆனா அந்த டிவைஸை பத்திரமா வைக்கத் தெரிஞ்சவங்க கம்மி. 2016ல மிராய்னு ஒரு மால்வேர் (கெட்ட ப்ரோக்ராம்) வந்துச்சு, பெருசா எதையும் உடைக்கல சார், கேமரா, கேமரா வீடியோவைப் பதிவு பண்ற டிவிஆர், ரவுட்டர்ல கம்பெனி வச்ச பாஸ்வேர்டை யாரும் மாத்தாம விட்டிருந்தாங்க, அது கையில 60 சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தே லட்சக்கணக்குல டிவைஸைப் புடிச்சிருச்சு. புடிச்ச டிவைஸை வச்சு ஒரே நேரத்துல ட்ராஃபிக்கைக் குவிச்சதுல அந்த அக்டோபர்ல அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறுச்சு. டிசைன் பண்ணும்போதே டிவைஸ் ஒவ்வொண்ணுக்கும் தனி ரகசிய கீ குடுத்திருந்தா இந்த வழி அடைபட்டிருக்கும்.

இதைப் பாப்பா வீட்லயே கத்துக்கலாம். ஈஎஸ்பி32னு வைஃபை இருக்கிற ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, மண் ஈரம் பாக்குற சென்சார், பேட்டரி, அவ்ளோதான். எம்க்யூடிடில (சின்ன டிவைஸுங்க டேட்டா அனுப்புற முறை) டேட்டா அனுப்பட்டும், முதல்ல பூட்டு இல்லாத 1883 போர்ட்ல (டேட்டா போற வாசல் நம்பர்) அனுப்பி, நெட்வொர்க்ல போறதைக் காட்டுற வயர்ஷார்க் சாஃப்ட்வேர்ல பாக்கச் சொல்லுங்க, பாஸ்வேர்டு அப்படியே படிக்கிற மாதிரி தெரியும், அப்பத்தான் உறைக்கும். அப்புறம் டேட்டாவை யாரும் படிக்க முடியாம பூட்டுற டிஎல்எஸ் போட்டு 8883 போர்ட்டுக்கு மாறட்டும். மாறினதும் பேட்டரி சீக்கிரம் தீரும், ஒவ்வொரு தடவையும் கனெக்‌ஷன் போட போர்டு ரொம்ப நேரம் முழிச்சிருக்கணும்ல. மண்ணு என்ன நிமிஷத்துக்கு நிமிஷமா காயுது, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து அனுப்பிட்டு மறுபடி டீப் ஸ்லீப்புக்கு (பேட்டரி மிச்சம் பிடிக்கிற தூக்கம்) போனா போதும். பாதுகாப்பும் வேணும் பேட்டரியும் நிக்கணும்ங்கிற இந்த இழுபறிதான் சார் ஆர்க்கிடெக்சர் (மொத்த சிஸ்டத்தையும் வடிவமைக்கிற) வேலையே, இன்டர்வியூல இதை அவளே செஞ்சு பாத்துட்டுச் சொன்னா கேக்குறவங்க நிமிந்து உக்காருவாங்க.

வெளி இன்ஸ்டிட்யூட்ல இப்பவே பணம் கட்டாதீங்க. என்பிடெல்ங்கிற ஆன்லைன் படிப்பு தளத்துல ஐஐடி கரக்பூர் நடத்துற ஐஓடி கோர்ஸை இலவசமாவே படிக்கலாம், பரீட்சை எழுதினா மட்டும்தான் ஃபீஸ். டிகிரி முடிச்சப்புறமும் இதே ஆர்வம் இருந்தா மத்திய அரசோட சி-டாக் நிறுவனத்துல எம்பெடெட் சிஸ்டம்ஸ் (டிவைஸுக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் பத்தின படிப்பு) பிஜி டிப்ளமோ இருக்கு.

கவுன்சிலிங்ல சாய்ஸ் லாக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு காலேஜுக்கும் பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் மூணாவது வருஷ பசங்க கிட்ட பேச விடுங்க, லேப்ல போர்டு ஆளுக்கு ஒண்ணா இல்ல பத்து பேருக்கு ஒண்ணானு அவளே கேக்கட்டும்.