உலக அளவில் பொது சுகாதார வேலைக்குப் போக வெளிநாட்டு எம்.பி.எச். கட்டாயமா?

கேள்வி கேட்டவர் பி.ஃபார்ம் முடித்து இரண்டு வருடம் மருந்து கம்பெனியில் இருந்திருக்கிறார், வயது 25. உலகப் பொது சுகாதாரத் துறையில் மனசுக்குத் திருப்தியான ஒரு வேலை வேண்டும், அதற்கு 40 லட்சம் கடன் வாங்கி லண்டனிலோ அமெரிக்காவிலோ எம்.பி.எச். (பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம்) படிக்கலாமா என்பது கேள்வி. கடன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. திருவாரூர்ப் பக்கம் பிறந்து பி.எஸ்சி. புள்ளியியல் படித்தவன். முதல் வேலை கிடைத்தபோது எங்கள் அத்தை "பொது சுகாதாரம்னா கொசு மருந்து அடிக்கிறதா தம்பி?" என்று கேட்டார், பதினாறு வருடம் கழித்து இன்றைக்கும் அதேதான் கேட்கிறார், நானும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன், பாதி உண்மைதானே.

அந்த முதல் வேலை 2009 கடைசியில், பீகாரில், போலியோ சொட்டு மருந்து முகாம்களின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அந்த வருடம் மட்டும் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்திருந்தது, பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும். நான் இருந்தது கோசி ஆற்றுப் பகுதி. ஒரு முகாம் முடிந்து கணக்குப் போட்டபோது ஒரு வட்டாரத்தில் 104 சதவீதம் வந்தது. இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று சந்தோஷமாகத் தாளை நீட்டினேன். மேலே இருந்த டாக்டர், பெங்காலி, குரலை உயர்த்தாத மனிதர், பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நூறு குழந்தை இருக்கிற ஊரில் நூற்றிநாலு குழந்தைக்கு எப்படி மருந்து கொடுத்தாய்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார், அப்புறம் படகு, அப்புறம் முழங்கால் அளவு சேறு. விஷயம் இதுதான். 2008 ஆகஸ்ட் 18ஆம் தேதி நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கரை உடைந்து கோசி தடம் மாறி ஓடியதில், பீகாரில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுக் கிளம்பின. எங்கள் கையில் இருந்த வீட்டுப் பட்டியல் வெள்ளத்துக்கு முந்தையது. கரை மேல் வந்து குடியேறியவர்களின் குழந்தைகள் பட்டியலில் இல்லை, ஆனால் அவர்களுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதனால் கணக்கு நூறைத் தாண்டிவிட்டது. சரி, அதுவாவது பரவாயில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் பதினோரு குடிசை, நாணலும் தார்ப்பாயும் போட்டுக் கட்டியது. அங்கே போய் ஒவ்வொரு குழந்தையின் இடது கைச் சுண்டு விரலையும் பிடித்துப் பார்த்தோம், மருந்து கொடுத்தால் அதில்தான் மை வைப்பார்கள். பத்தொன்பது குழந்தைகள், ஒரு விரலில்கூட மை இல்லை. முகாமில் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் பி அல்லது எக்ஸ் போடுவார்கள். பி என்றால் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று, எக்ஸ் என்றால் யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள், திரும்ப வர வேண்டும். இங்கே எக்ஸ்கூட இல்லை. விட்டுப்போனவர்கள் என்ற கணக்கிலேயே அவர்கள் வரவில்லை.

என் தாளில் அந்த வட்டாரம் பச்சை நிறத்தில் இருந்தது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், அதற்குப் பிறகு நான் பார்த்த வேலையெல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த மேட்டுக்குத் திரும்பிப் போவதாகவே இருந்தது. பட்டியலில் யார் இல்லை? இந்தக் கேள்வி உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, இதைத் தேடி அலைவது உங்களுக்கு அலுக்காதா, முதலில் அதைப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் தப்பில்லை, மருந்து கம்பெனியிலேயே நல்ல சம்பளம் இருக்கிறது.

இன்னொரு விஷயம், புதிதாக வருகிறவர்களுக்குத் தலைகீழாகப் படும். போலியோ கண்காணிப்பில் 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்காவது திடீரென்று கை கால் துவண்டு போனால், காரணம் எதுவாக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும், 14 நாளுக்குள் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்து ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் (நம் கிண்டி கிங் நிறுவனமும் அப்படி ஒரு ஆய்வகம்). போலியோவே இல்லாத ஊரிலும் லட்சம் குழந்தைக்கு வருடத்துக்கு ஒருவருக்காவது வேறு காரணங்களால் இப்படி வரும். அதனால் ஒரு மாவட்டத்திலிருந்து "எங்களிடம் ஒருவரும் இல்லை" என்று தகவல் வந்தால் யாரும் கை தட்ட மாட்டார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள், அங்கே யாரும் தேடவில்லை என்று அர்த்தம். இந்தியாவில் போலியோ வந்தவர்கள் 2010ல் 42 பேர், 2011ல் ஒரே ஒரு குழந்தை, ஜனவரி 13, மேற்கு வங்கத்தில் ஹவுரா. அதோடு சரி. அந்த "அதோடு சரி"யை உறுதி செய்ய மேலும் மூன்று வருடம் மலப் பரிசோதனை நடந்தது, 2014 மார்ச்சில்தான் சான்றிதழ் வந்தது.

உலகம், உலகம் என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது? உலக சுகாதார நிறுவனம் இருக்கிற ஜெனீவாவில் ஒரு பகுதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது 1956ல் சென்னை சேத்துப்பட்டில் ஆரம்பித்த ஆய்வு. மத்திய அரசின் ஆராய்ச்சி கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து செய்தது. நெரிசலான வீடு, சாப்பாடு போதாது, அப்படியும் வீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் கிட்டத்தட்ட சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே தேறினார்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த ஆட்கள் அந்த ஆய்வில் உண்டு. 1959ல் முடிவு வெளிவந்த பிறகு பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த மாத்திரை எண்ணியவர்கள் விமானம் ஏறவே இல்லை.

நான் ஏறினேன். நடுவில் இந்தியாவிலேயே எம்.பி.எச். முடித்துவிட்டு, 2013ல் வடக்கு நைஜீரியாவுக்குக் குறுகிய கால ஒப்பந்தத்தில் போனேன். பீகார் அனுபவம் இருந்ததால்தான் எடுத்தார்கள், பட்டத்தைப் பற்றி நேர்காணலில் ஒரு கேள்விகூட இல்லை. அங்கேயும் அதே கதை: கையால் வரைந்த வரைபடத்தில் குக்கிராமங்களே இல்லை, செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்த்தால் கூரைகள் தெரிகின்றன. மொழி வேறு, சாப்பாடு வேறு, என் வேலை அதே விரல் பார்க்கிற வேலை. மறு வருடம் ஜூலையில் லாகோசுக்கு எபோலா வந்தபோது போலியோவுக்காகப் பழகியிருந்த ஆட்களும் ஏற்பாடுகளும் அப்படியே அதற்குத் திரும்பின. தொற்றியவர்களோடு பழகிய சுமார் 900 பேரைத் தேடிப் பிடித்து வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். 20 நோயாளிகள், 8 சாவு, அக்டோபரில் முடிந்தது. அந்த அளவு ஜனம் நெருங்கி வாழ்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி கசப்பான பகுதி. ஒப்பந்தம் எல்லாம் வருடத்துக்கு வருடம், சில சமயம் அதற்கும் குறைவு. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் "பர்மனென்ட் இல்லையா சார்?" என்பார்கள். அப்பா காலமானபோது நான் வந்து சேர மூன்று நாள் ஆனது. டாக்டர்கள் நிறைந்த அறையில் டாக்டர் அல்லாதவன் பேசினால் முதல் தடவை யாருக்கும் காது கேட்காது, இரண்டாம் தடவை கணக்கைக் காட்டிப் பேச வேண்டும். நிதி யாரோ ஒரு நாட்டின் கையில். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் நான் இருந்த திட்டம் ஒரு மின்னஞ்சலில் முடிந்தது, நான்கு வரி. ஜூலையில், அந்த உதவியைக் கொடுத்துவந்த யுஎஸ்எய்டு என்ற அமைப்பே இல்லை. 1984லிருந்து 90 நாடுகளில் வீடு வீடாகக் கணக்கெடுத்த டி.எச்.எஸ். என்ற மக்கள்தொகை, சுகாதார ஆய்வும் அந்த நிதியில்தான் பெரும்பாலும் ஓடியது, அதுவும் பாதியில் நின்றது. குழந்தை இறப்பு எவ்வளவு என்று சொல்ல வேறு கணக்கே இல்லாத நாடுகள் இருக்கின்றன. வேலை போனதைவிட எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது கடனுக்கு வரலாம். 40 லட்சம் வாங்காதீர்கள். உதவித்தொகை கிடைத்தால் தாராளமாகப் போங்கள், நல்ல ஆசிரியர்கள், நல்ல நூலகம், உலகம் முழுவதிலுமிருந்து வரும் சக மாணவர்கள், எல்லாம் உண்மை. ஆனால் கடனோடு வெளியே வந்தால் தவணை கட்டுகிற வேலையைத்தான் தேடுவீர்கள், தேடி வந்த வேலையை அல்ல. வெளிநாட்டவரை எடுக்கிற இடங்கள் இப்போது சுருங்கியும் விட்டன. அயப்பாக்கம் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவின் அச்சுத மேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர், இங்கெல்லாம் செலவு அதில் ஒரு சிறு பகுதிதான், பி.ஃபார்ம் பட்டத்தை ஏற்கிறார்களா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம். ஆப்பிரிக்கா மனதில் இருந்தால் பிரெஞ்சு, இதை யாரும் சொல்ல மாட்டார்கள், எனக்கு அது தெரியாததால் இரண்டு நல்ல வேலை போனது. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தையும் பாருங்கள், பெயரில் தன்னார்வம் இருந்தாலும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருவார்கள். உங்கள் மருந்துப் படிப்பை வீணாக நினைக்காதீர்கள்: தடுப்பூசிக் குளிர்பதனம், காசநோய் மருந்து இருப்பு, பக்கவிளைவுக் கண்காணிப்பு, இதிலெல்லாம் மருந்து தெரிந்த ஆள் கிடைப்பதே கஷ்டம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள், செலவு பஸ் காசுதான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மருத்துவ அலுவலரிடம் முறையாகக் கேட்டு, கிராம சுகாதார செவிலியரோடு ஒரு மாதம் புதன்கிழமைகளில் போய்ப் பாருங்கள், தடுப்பூசி நாள் அதுதான். குறுக்கே பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடங்கள். அவர் கையில் ஒரு தடித்த பதிவேடு இருக்கும், ஓரமெல்லாம் மடங்கிப் போய். செங்கல் சூளைக்கு வந்திருக்கிற குடும்பம் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.