கொரோனா நிவாரணப் பணம்: அந்த 120 மாடுகள் யாருடையவை?

கேள்வி: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கிராமப்புறக் கவுண்டி ஒன்றில் மாட்டுப் பண்ணை நடத்துகிறேன். 2020-இல், கொரோனாவால் விலை வீழ்ந்து நஷ்டப்பட்ட விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுத்த கொரோனா உணவு உதவித் திட்டத்தின் இரண்டு சுற்றுகளிலும் 400 இளமாடுகளைக் கணக்கில் காட்டிப் பணம் பெற்றேன். அவற்றில் 120 மாடுகள், இன்னொரு பண்ணைக்காரர் என் நிலத்தில் மேய்ச்சல் கூலிக்கு விட்டிருந்தவை. இப்போது ஆவணங்களைக் காட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. படிவத்தை நிரப்பியதே கவுண்டி அலுவலக ஊழியர்தான். பெரிய பண்ணைகள் லட்சக்கணக்கில் வாங்கியிருக்க, என்னை மட்டும் ஏன் நோண்டுகிறார்கள்?

பதில்: பெரிய பண்ணைகளை விட்டுவிடுங்கள். ஒரு நபருக்கு 2,50,000 டாலர், சில நிறுவனங்களுக்கு 7,50,000 டாலர் வரை என்பது விதியிலேயே இருந்தது. அது உங்கள் வழக்குக்கு உதவாது. ஊழியர் தவறாக வழிகாட்டி, அதை நல்லெண்ணத்துடன் நம்பியவருக்கு நிவாரணம் கேட்க இடமுண்டு. ஆனால் எத்தனை மாடு என்று சொன்னது நீங்கள். கையெழுத்தும் உங்களுடையது.

விலை வீழ்ந்தபோது அந்த 120 மாடுகளின் நஷ்டம் யார் தலையில் விழுந்தது? சட்டம் பார்ப்பது இதை மட்டும்தான். கூலி வாங்கியவருக்கு விலையில் பங்கில்லை என்றால் நிவாரணத்திலும் பங்கில்லை. முதல் சுற்றில் கையிருப்பு மாட்டுக்கு 33 டாலர், இரண்டாவதில் 55. ஆக, பிரச்சினைக்குரிய தொகை 10,560 டாலர்.

இந்தத் தொகைக்காகத்தான் பலர் தங்களையே அழித்துக்கொள்கிறார்கள். கடிதம் வந்ததும் பயந்து, ‘2020 ஏப்ரலிலேயே மாடுகளை வாங்கிவிட்டேன்’ என்று பழைய தேதியிட்டு ஒரு விற்பனைச் சீட்டு எழுதுவார்கள். மாட்டுக்காரரும் நட்புக்காகக் கையெழுத்துப் போடுவார். அதுவரை பணத்தைத் திருப்பிக் கட்டினால் தீர்ந்துவிடக்கூடிய விஷயம், அந்தச் சீட்டோடு குற்ற வழக்காகிறது. வங்கிக் கணக்கும் மேய்ச்சல் கூலி ரசீதும் அதை ஒரே நாளில் பொய்யாக்கிவிடும். அதே மாடுகளுக்கு அவரும் விண்ணப்பித்திருந்தால், இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். தெரிந்தே பொய்க் கோரிக்கை வைத்ததாக நிரூபணமானால் நஷ்டத்தின் மூன்று மடங்கும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதினாயிரம் டாலருக்கு மேல் அபராதமும் சேரும். ஆவணங்களை மூன்றாண்டு வைத்திருந்தால் போதும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் அரசு வழக்குப் போடக்கூடிய காலம் ஆறு ஆண்டு, சில நிலைகளில் பத்து.

எனவே போராடாதீர்கள். இருக்கிற ஆவணங்களை உள்ளபடியே கொடுத்து, 120 மாடுகள் தவறாகச் சேர்ந்தன என்று வழக்கறிஞர் மூலம் எழுத்தில் தெரிவித்து, வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கட்டிவிடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேளுங்கள். மீதி 280 மாடுகளையும் மறுத்து உத்தரவு வந்தால் மட்டும் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

கடிதத்தின் தலைப்பை இன்றே பாருங்கள். இந்த நிவாரணத்தை வழங்கிய பண்ணைச் சேவை முகமையிலிருந்து வந்திருந்தால் மேலே சொன்ன வழி பொருந்தும். மோசடிகளை விசாரிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து என்றால் வழக்கறிஞர் இல்லாமல் தொலைபேசியில்கூட ஒரு வார்த்தை பேசாதீர்கள். எதுவானாலும் மாட்டுக்காரரை அழைத்து ‘யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாட்சியைக் கலைத்ததாக அது தனி வழக்காகும்.