பூனைக்கு ஒரு வாசல்: வாசகர் கேள்வி பதில்

கதவிலோ ஜன்னலிலோ பூனைக்குத் தனி வழி வைப்பது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கடையிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது 'கேட் ஃபிளாப்' என்று கேட்க வேண்டும். இங்கே பூனை வாசல் என்றே எழுதுகிறோம். அதில் ஆடும் பகுதியை மடல் என்கிறோம்.

*கேள்வி: விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் பூனை கதவைப் பிராண்டி வீட்டையே எழுப்பிவிடுகிறது. பூனை வாசல் ஒன்று வாங்கிவிட்டோம். பின்கட்டுக் கதவு ஃப்ளஷ் டோர் (இரு பக்கமும் தட்டையாகப் பலகை ஒட்டிய கதவு). ஆசாரியோ, 'ஓட்டை போட்டா கதவு போயிடும்மா' என்கிறார். உண்மையா? எப்படிப் பொருத்துவது?*
(வாசகி, திருச்சி)

ஆசாரி சொல்வதில் பாதி சரி. முதலில் விரலை மடக்கிக் கதவைத் தட்டிப் பாருங்கள். ஓரம், நடு எல்லா இடத்திலும் 'டொக் டொக்' என்று கனமாகக் கேட்டால் உள்ளே மரக்கட்டை அடைத்த கதவு. தைரியமாக வெட்டலாம். ஓரத்தில் கனமாகவும் நடுவில் 'டம் டம்' என்று தகர டப்பா மாதிரியும் கேட்டால் உள்ளே கூடு. தேன்கூடு போன்ற அட்டையோ, குழல் குழலாகத் துளையிட்ட மரத்தூள் பலகையோதான் இருக்கும். இதையும் வெட்டலாம். ஆனால் வெட்டிய ஓட்டைக்குள் நான்கு பக்கமும், கதவின் உள்கனத்துக்கு இழைத்த ரீப்பர் கட்டையை ஃபெவிகால் தடவிச் செருகி, ஒரு நாள் காயவிட வேண்டும். அதைச் செய்யாமல் போல்ட்டை முறுக்கினால் இரு பக்கத் தோலும் உள்ளே அமுங்கி, பிளாஸ்டிக் சட்டம் கோணிக்கொள்ளும். ஆசாரி பயப்படுவது இதற்குத்தான்.

அடுத்தது உயரம். பூனை சாப்பாட்டுத் தட்டின் முன் நிற்கும்போது தரையிலிருந்து அதன் அடிவயிறு வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். வளர்ந்த பூனைக்கு 10 முதல் 15 செ.மீ. இருக்கும். திறப்பின் கீழ் விளிம்பு அந்த உயரத்தில், அல்லது ஒரு விரற்கடை தாழ்வாக வர வேண்டும். தரையை ஒட்டி வைத்தால் கதவின் அடிச்சட்டம் அறுபடும், மழைத்தண்ணீரும் உள்ளே வரும். அகலம், பூனையின் தோளைவிட இரண்டு விரல் கூடுதலாக இருந்தால் போதும். நாட்டுப் பூனைக்கு 15 செ.மீ. திறப்பு சரியாக இருக்கும். பெர்ஷியன் கலப்பு, ஐந்து கிலோவைத் தாண்டிய கடுவன் என்றால் 18 செ.மீ. பாருங்கள்.

இனி ஒரு எச்சரிக்கை. ஒரே பொருளுக்கு மூன்று அளவு உண்டு: வெளிச்சட்டம், வெட்டளவு (கதவில் போடும் ஓட்டை), திறப்பு (பூனை நுழையும் இடம்). கதவில் கோடு போட வேண்டியது வெட்டளவுக்கு. பெட்டிக்குள் அதற்கென்று ஒரு மாதிரித் தாள் வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெளிச்சட்டத்தைக் கதவில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டினால் வாங்கிய சாமான் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் விழும். பிறகு பெரிய சட்டமாகத் தேடி அலைய வேண்டியதுதான்.

வேலைக்கு டிரில், 10 மி.மீ. பிட், நுண்பல் பிளேடு போட்ட ஜிக்ஸா, மூலைமட்டம், ரசமட்டம், மாஸ்கிங் டேப், கொஞ்சம் மரப் பிரைமர் வேண்டும். கதவைக் கீலிலிருந்து கழற்றி இரண்டு ஸ்டூலின் மேல் படுக்க வைத்தால் வேலை சுத்தமாக வரும். ஆனால் அடையாளத்தைக் கதவு நிற்கும்போதே போட்டுவிடுங்கள். கழற்றிய கதவில் மேல் கீழ் மாறிப்போவது சகஜம்.

கோடு வரும் இடத்தில் இரு பக்கமும் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு போடுங்கள். ஜிக்ஸாவின் பல் மேல்நோக்கி அறுப்பதால் மேலே தெரியும் பக்கத்தில்தான் மைக்கா சிதறும். ஆகவே வீட்டுக்குள் பார்க்கும் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போடுவது நல்லது. கோட்டுக்கு உட்புறமாக நான்கு மூலையிலும் துளை போட்டு, ஒரு துளையில் பிளேடை இறக்கி அடுத்த துளை வரை மெதுவாக அறுங்கள். நான்காவது பக்கம் முடியும்போது துண்டைக் கீழிருந்து ஒருவர் தாங்கிப் பிடிக்காவிட்டால், கடைசி ஒரு அங்குலம் அறுபடாமல் பிய்ந்து வரும். அந்தத் துண்டைக் குப்பையில் போடாதீர்கள். பின்புறம் 'பின்கட்டுக் கதவு' என்று எழுதிப் பரணில் வையுங்கள். ஏன் என்று கடைசிக் கேள்வியில் தெரியும்.

வெட்டிய ஓரத்துக்கு இரண்டு கை பிரைமர் கட்டாயம். பிரைமர் பூசாத ஓரம் ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சி உப்பும். பிளைவுட் இதழ் இதழாக விரியும். பிரைமர் காய்ந்ததும் இரு சட்டங்களையும் இரு பக்கமும் வைத்து, ரசமட்டம் பார்த்து, போல்ட்டைக் கையால் ஸ்குரூ டிரைவர் கொண்டு முடுக்குங்கள். டிரில் மெஷினில் முடுக்கக் கூடாது. 'மடல் மாட்டிக்கொள்கிறது' என்று வரும் புகார்களை ஆராய்ந்தால் காரணம் பெரும்பாலும் இந்த மெஷின் முடுக்கல்தான். பிளாஸ்டிக் சட்டம் நடுவில் உள்வாங்கும், மடல் ஓரத்தில் உரசும். மடலை விரலால் தள்ளி விட்டுப் பாருங்கள். நாலைந்து முறை ஆடி, நடுவில் வந்ததும் அதை நிறுத்தும் காந்தம் 'க்ளிக்' என்று பிடிக்க வேண்டும். பிடிக்காமல் ஓரத்தில் நின்றால் போல்ட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். வெளிப்பக்கம் சட்டத்தின் மேலும் இரு பக்கமும் சிலிக்கான் பூசுங்கள். அடிப்பக்கம் வேண்டாம். உள்ளே புகுந்த தண்ணீர் வழிந்து போக அதுதான் வழி.

இரண்டு விஷயம் பாக்கி. பின்கட்டில் வெளியே ஒரு படி தாழ்வாக இருக்குமல்லவா? படி 15 செ.மீ. என்றால், உள்ளே 12 செ.மீ. உயரத்தில் இருக்கும் வாசல் வெளியிலிருந்து 27 செ.மீ. உயரம். பூனை வெளியே குதித்துவிடும், ஆனால் திரும்பி வரும்போது எம்பிக்கொண்டே தலையால் மடலைத் தள்ள அதற்கு வராது. கதவை ஒட்டி, பூனை நாலு காலும் ஊன்றி நிற்கும்படி ஓரடி அகலத்தில் ஒரு கல்லோ பலகையோ போட்டுவிடுங்கள். அடுத்து, ஓட்டைக்குள் கை விட்டால் கீழ்த் தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று நீங்களே ஒரு முறை முயன்று பாருங்கள். எட்டினால் திருடனுக்கும் எட்டும். தாழ்ப்பாளை மேலே மாற்றுங்கள், சாவியைக் கதவிலேயே விட்டு வைக்காதீர்கள்.

*கேள்வி: தாத்தா காலத்துத் தேக்குக் கதவு. வெட்ட மனம் வரவில்லை. வேறு வழி?*
(வாசகர், காரைக்குடி)

வெட்ட வேண்டாம். அப்படிப்பட்ட கதவில் கனமான சட்டங்களுக்கு நடுவே மெல்லிய பலகை இருக்கும். அந்தக் கீழ்ப்பலகையை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு, அதே அளவில் 12 மி.மீ. மரைன் பிளைவுட் செருகி, அதில் வாசலை வெட்டிக்கொள்ளலாம். பழைய பலகை துணியில் சுற்றி அலமாரி மேல் பத்திரமாக இருக்கட்டும். பலகை காடியில் (சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில்) இறுகப் பூட்டியிருந்தால் நெம்பக் கூடாது. பழகிய ஆசாரி ஒரு பக்கக் காடியின் விளிம்பை உளியால் எடுத்துக் கழற்றி, பிறகு மரப்பட்டி அடித்து மூடிவிடுவார். எந்தக் காரணம் கொண்டும் சட்டத்தில் கை வைக்காதீர்கள். சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிய இடம் அறுபட்டால் கதவு தொங்கிவிடும்.

*கேள்வி: வாசல் வைத்து ஒரு மாதம் ஆகிறது. பூனை அதன் எதிரே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கத்துகிறது.*
(வாசகி, திருநெல்வேலி)

கத்தினால் நீங்கள் கதவைத் திறக்கிறீர்கள். அது ஏன் தலையால் முட்ட வேண்டும்? மடலை மேலே தூக்கி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். முழு ஓட்டையாக நாலு நாள் இருக்கட்டும். பசி நேரத்தில் அந்தப் பக்கம் வறுத்த நெத்திலி வையுங்கள். தாராளமாகப் போய் வர ஆரம்பித்ததும் மடலைப் பாதி இறக்கி, ஒரு பக்கம் துணி கிளிப் மாட்டி, மூலையில் மட்டும் வெளிச்சம் தெரியும்படி விடுங்கள். கடைசியில்தான் முழுதும் இறக்க வேண்டும். பிடித்து உள்ளே திணிக்காதீர்கள். ஒரு முறை திணித்தால் பத்து நாள் பின்னால் போகும்.

பல பூனைகளுக்குப் பயம் மடல் அல்ல, காந்தத்தின் 'க்ளிக்' சத்தம். காந்தத்தின் மேல் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் பிடியும் சத்தமும் குறையும். பழகிய பிறகு உரித்துவிடலாம்.

*கேள்வி: பக்கத்துத் தெருக் கடுவன் உள்ளே வந்து தீவனத்தைத் தின்றுவிட்டு சோபாவில் சிறுநீர் பீய்ச்சிவிட்டுப் போகிறது. மைக்ரோசிப் வாசல் வாங்கினால் தீருமா?*
(வாசகர், கோவை)

தீரும், ஆனால் எது வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலடியில் கால்நடை மருத்துவர் போடும் சிப்பில் 15 இலக்க எண் இருக்கும். அதன் அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். வாசல் அந்த எண்ணைப் படித்துத்தான் பூட்டை விடுவிக்கிறது. பல மாடல்கள் உள்ளே வரும்போது மட்டுமே படிக்கும், வெளியே போக எந்தப் பூனைக்கும் தடையில்லை. 'இந்தப் பூனை வெளியே போகலாம், அது போகக் கூடாது' என்று பிரிக்க வேண்டுமானால் இரு பக்கமும் படிக்கும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீல் கதவானால் சுற்றியுள்ள இரும்பு அலையைக் கெடுக்கும். அதற்கென்று தனிச் சட்டம் போட்டு, ஓட்டையைப் பெரிதாக வெட்டி, இரும்பிலிருந்து தள்ளிப் பொருத்த வேண்டும். பேட்டரி தீர்ந்தால் பூட்டு என்ன நிலையில் நிற்கும் என்பதையும் வாங்கும்முன் கேளுங்கள்.

கழுத்துப்பட்டையில் காந்தச் சாவி மாட்டும் மாடல் மலிவு. ஆனால் அந்தக் காந்தம் ஆணி, குண்டூசி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வரும். போதாததற்குப் பட்டை எங்காவது மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. அவசியமானால் இழுத்தால் தானே அவிழும் பட்டையாகப் பாருங்கள்.

உங்கள் பூனைக்குக் கருத்தடை ஆகிவிட்டதா? ஆகாத பெட்டையானால் எந்த வாசலும் கடுவன்களை வீட்டைச் சுற்றுவதிலிருந்து தடுக்காது.

*கேள்வி: இந்த ஓட்டை வழியாகப் பாம்பு, பெருச்சாளி வராதா?*
(வாசகி, நாகர்கோவில்)

வரும். பூனை தலையால் தள்ளுவதைப் பெருச்சாளியும் தள்ளும். மடலைச் சுற்றியுள்ள தூரிகைப் பட்டி காற்றுக்கும் கொசுவுக்கும் ஓரளவு தடை, பாம்புக்கு இல்லை. நால்வழிப் பூட்டு உள்ள மாடலில் உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரண்டும், மூடியது என்று நான்கு நிலை உண்டு. சாயங்காலம் 'உள்ளே மட்டும்' வைத்து, பூனை வந்து சேர்ந்ததும் முழுதும் பூட்டுங்கள். இரவுச் சாப்பாட்டைத் தினமும் ஒரே நேரத்தில் வைத்தால் அந்த நேரத்துக்கு வந்துவிடும். பூனை பாதி உயிரோடு கவ்வி வரும் எலிக்கு மட்டும் எந்தப் பூட்டாலும் தீர்வில்லை. கூடவே, கதவின் அடி இடுக்கையும் சாக்கடைத் துளையையும் பாருங்கள். பாம்புக்குப் பூனை வாசலைவிட அவை வசதி.

*கேள்வி: வாடகை வீடு, தரைத்தளம். வீட்டுக்காரர் கதவில் ஓட்டை போட விடமாட்டார்.*
(வாசகர், சென்னை)

தள்ளு ஜன்னல் இருக்கிறதா? 12 மி.மீ. டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையில் 30 செ.மீ. அகலத்துக்கு, ஜன்னல் தடத்தின் உயரத்துக்குச் சரியாக ஒரு துண்டு அறுத்து, அதில் வாசலைப் பொருத்தித் தடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியைத் தள்ளி அதோடு முட்டவிட வேண்டும். நடுவில் நுரைப்பட்டி ஒட்டினால் கொசு வராது. இனி ஜன்னல் பூட்டு எட்டாது என்பதால், தடத்தில் ஒரு மரக்குச்சியை அளவாக வெட்டிப் போடுங்கள். வீடு மாறும்போது எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: கிரில் கம்பி. மடல் ஆட 15 செ.மீ. இடம் வேண்டும். கிரில் அதைவிட நெருக்கமாக இருந்தால் மடல் கம்பியில் இடித்துப் பாதியில் நிற்கும், பூனை நடுவில் சிக்கும். அங்கே கெட்டி மடல் வேண்டாம். குளிர்சாதனக் கிடங்கு வாசலில் தொங்குமே, அந்த பிவிசி திரைப்பட்டையை மூன்று துண்டாக வெட்டித் தொங்கவிடுங்கள்.

*கேள்வி: கண்ணாடிக் கதவில் போடலாமா?*
(வாசகி, புதுச்சேரி)

டஃபன்டு (சூட்டில் பதப்படுத்திய) கண்ணாடியை வெட்டவே முடியாது. டிரில் பட்ட நிமிடம் முழுக் கண்ணாடியும் பொடியாகும். வட்ட ஓட்டை முன்பே போட்டுப் பிறகு பதப்படுத்திய புதுக் கண்ணாடியை ஆர்டர் கொடுக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியானால் கண்ணாடிக் கடைக்காரரே வட்டமாக வெட்டித் தருவார். நீங்கள் முயல வேண்டாம்.

*கேள்வி: 'பூனைக்குக் கதவா? எல்லாம் வெளிநாட்டு மோகம்' என்கிறார் மாமியார்.*
(வாசகி, கும்பகோணம்)

முற்றம் வைத்த வீட்டில் பூனைக்குத் தண்ணீர் வெளியேறும் ஜலதாரையே வாசலாக இருந்தது. தனியாகப் போட வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டிலும் இது புதிதல்ல. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலயத்தில், வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் பூனைக்கென்று வெட்டிய வட்ட ஓட்டையை இன்றும் பார்க்கலாம். அங்கே மடல் கிடையாது, வெறும் ஓட்டைதான். மாமியாரிடம் உங்கள் பூனை பிடிக்கும் எலிக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

*கேள்வி: பூனை இப்போது இல்லை. கதவில் ஓட்டை மட்டும் இருக்கிறது. எப்படி அடைப்பது?*
(வாசகர், மதுரை)

அறுத்த துண்டு இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓட்டையின் உள்ஓரத்தில் நான்கு பக்கமும், கதவின் பாதிக் கனத்துக்கு ரீப்பர் பட்டியை ஒட்டி ஸ்குரூ அடித்துக்கொள்ளுங்கள். துண்டு உட்காரப் படி மாதிரி அமையும். துண்டின் பின்பக்கத்தில் அந்த அளவுக்கு உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, ஃபெவிகால் தடவி, இழைவரி மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பார்த்து உட்கார வையுங்கள். பிளேடு தின்ற இடம் சுற்றிலும் இரண்டு மி.மீ. இடுக்காக நிற்கும். அதே மரத்தின் தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் தேயுங்கள். பழைய போல்ட் துளைகளுக்கும் அதேதான்.

துண்டு இல்லையென்றால் அதே கனத்தில் பிளாக் போர்டு (உள்ளே மரக்கட்டை வைத்து ஒட்டிய பலகை) போதும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெயின்டுக்கு அடியில் கோடு ஒரு மழைக்காலத்தில் எழும்பித் தெரியும். அது கண்ணை உறுத்தினால், கதவின் அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு, கதவின் முழு அகலத்துக்கும் இரு பக்கமும் மைக்கா ஒட்டிவிடுங்கள். கதவு வாங்கும்போதே அப்படித்தான் வந்தது போல இருக்கும்.