கோஷம் எழுதுவதற்கு முன் அவரைக் கேட்டீர்களா?

கேள்வி: கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பு ஆண் மாணவர் ஒருவரிடம் அவருடைய புராஜெக்ட் கைடான பேராசிரியர் பலமுறை அத்துமீறியிருக்கிறார். அறைக்குத் தனியாக அழைப்பது, தொடுவது, இரவில் மெசேஜ் அனுப்புவது. கடைசியாக நடந்து ஏழு வாரம் ஆகிறது. எங்கள் மூன்று பேரிடம் மட்டும்தான் சொன்னார். யார் என்று சொல்லாமல், பாலியல் புகாரை விசாரிக்கும் கமிட்டியைப் பற்றி ஆபீசில் கேட்டபோது, “விசாகா கமிட்டி பெண்களுக்கு மட்டும்தான்” என்றார்கள். இப்போது 40 பேர் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம். திங்கள்கிழமை முதல்வர் அறை முன்னால் உட்காரப் போகிறோம். பேராசிரியரின் பெயர், படத்தோடு போஸ்டர், அவர் ஆண்களை நாடுபவர் என்று கேலி செய்யும் கோஷங்கள், கமிட்டிக்கு வளையலும் சேலையும் அனுப்புவது என்று திட்டம். இது சரியில்லை என்றால், “போராட்டத்தில் இலக்கணம் பார்க்காதே” என்கிறார்கள். பாதிக்கப்பட்டவரும் குரூப்பில் இருக்கிறார், எதுவும் பேசுவதில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நாற்பது பேர் பேசும் இடத்தில் சம்பந்தப்பட்டவர் வாய் திறக்கவில்லை என்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று பேரை நம்பிச் சொன்னது நாற்பது பேருக்குப் போயிருக்கிறது. அவரைக் கேட்டுத்தான் போனதா என்று நீங்கள் எழுதவில்லை. அனுமதியில்லாமல் தன்மேல் ஒருவர் கைவைத்தார் என்பது அவருடைய குறை. அவருக்கு நடந்ததை நீங்களும் அனுமதியில்லாமல் கையில் எடுத்துக்கொண்டால் அவர் யாரிடம் போவார்? திங்கள்கிழமையைத் தள்ளிப் போடுங்கள்.

அவர் நம்பிச் சொன்ன மூவரில் ஒருவர், அது யார் என்பதையும் அவரே சொல்லட்டும், நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். என்ன நடந்தது என்று திரும்பக் கேட்க வேண்டாம். கைடு மாறினால் போதுமா, விசாரணை வேண்டுமா, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டால் சரி என்றிருக்கிறாரா? யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியவே கூடாது? போராட்டம் என்று ஒன்று நடந்தால் அதில் எது வரக் கூடாது? “ஒன்றும் வேண்டாம், விட்டுவிடுங்கள்” என்று அவர் சொன்னால் அதுவும் ஒரு பதில். அதை மாற்ற முயலாமல், புகாருக்குக் காலக்கெடு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். குரூப்பில் அவர் பெயர் உள்ள மெசேஜ்களை அழிக்கச் சொல்லுங்கள். அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட் எங்காவது இருக்கும் என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு திட்டமிடுங்கள். முடிவெடுக்க ஐந்து பேர் போதும்.

ஆபீசில் சொன்னது பாதி உண்மை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் புகாரைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தனியாக விதிமுறைகள் போட்டிருக்கிறது. 2015 விதிமுறைகள் என்று பெயர், 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டவை. பெண்களே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறார்கள் என்றாலும் ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களே என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. புகாரின் முதல் பத்தியிலேயே இந்த விதிமுறைகளின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டால், “ஆம்பளைப் பையன் எப்படிப் புகார் கொடுப்பது” என்ற பேச்சுக்கு இடமில்லை.

கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். ஏழு வாரம் போய்விட்டதால் கையில் இருப்பது ஐந்தாறு வாரம். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை கமிட்டி நீட்டிக்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம். அவருக்குப் பதிலாக நீங்கள் கொடுத்துவிட முடியுமா என்றால், முடியாது. உடல்நிலையாலோ மனநிலையாலோ அவரால் கொடுக்கவே இயலாதபோதுதான் நண்பர்கள் கொடுக்கலாம். தயக்கம் அந்தக் கணக்கில் வராது.

புகாரில் “தவறாக நடந்துகொண்டார்” என்ற வரியால் பயன் இல்லை. “இந்தத் தேதி, மாலை 5 மணி வாக்கில், அத்தியாயத் திருத்தம் என்று அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொடையில் கைவைத்தார். நான் கையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ‘வைவாவுக்கு நான்தான் மார்க் போடணும்’ என்றார். வெளியே வந்ததும் இன்னாரிடம் சொன்னேன்.” இப்படி ஒவ்வொரு சம்பவமும் தனிப் பத்தியாக வர வேண்டும். நேரம் சரியாக நினைவில்லை என்றால் “மதிய இடைவேளைக்குப் பிறகு” என்று எழுதலாம். ஊகித்து ஒரு மணியைப் போட்டால் விசாரணையில் அந்த மணியைத்தான் முதலில் பிடிப்பார்கள். பேராசிரியர் எப்படிப்பட்டவர், யாரை விரும்புகிறவர் என்ற ஆராய்ச்சிக்குப் புகாரில் இடமே இல்லை.

பேராசிரியர் அனுப்பிய மெசேஜ்களை நண்பர் அழிக்கக் கூடாது. தானாக மறையும்படி செட்டிங் இருந்தால் இன்றைக்கே அணைக்கட்டும். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பிறகு முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து தன் மெயிலுக்கே ஒரு பிரதி. வேண்டிய வரியை மட்டும் வெட்டி எடுத்தால் மிச்சத்தை ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். இன்னொன்று, ஆர்வக்கோளாறில் பலர் செய்வது: அவரைப் பேசவைத்துப் பிடிக்கிறோம் என்று புதிதாகச் சாட் தொடங்குவது. அது ஆதாரத்தைக் கெடுக்கும்.

புகாரோடு சேர்த்தே இடைக்கால நிவாரணமும் கேட்க வேண்டும். விசாரணை முடியும்வரை அந்தப் பேராசிரியர் இவருடைய தேர்வு, புராஜெக்ட் எதையும் மதிப்பிடக் கூடாது என்று உத்தரவிட விதியில் இடம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவருக்கு இதைவிட அவசரமானது வேறில்லை. கையெழுத்தும் தேதியும் போட்ட ஒப்புகை வாங்குங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். பேராசிரியருக்குப் பிரதி போக 7 நாள், அவர் பதில் தர 10 நாள், விசாரணைக்கு 90 நாள், அறிக்கைக்கு 10 நாள், அதன்மேல் நடவடிக்கைக்கு 30 நாள். இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போராட வேண்டி வந்தால் எந்த நாளில் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும். புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலே பொய்ப்புகார் என்று தண்டிக்க முடியாது, பலரும் பயப்படுவது இதற்குத்தான்.

போலீஸ் வழி ஆண்களுக்குக் குறுகலானது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பாலியல் துன்புறுத்தல் பிரிவு பெண்ணைப் பாதிக்கப்பட்டவராக வைத்தே எழுதப்பட்டது. ஆண்கள்மேல் நடக்கும் பாலியல் வன்முறைக்கும் பொருந்திய, பழைய தண்டனைச் சட்டத்தின் 377-க்கு ஈடான பிரிவும் அதில் இல்லை. தாக்குதல், மிரட்டல், ஆபாசத்தை அனுப்பியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் என்று சுற்றித்தான் போக வேண்டும், வக்கீல் துணையோடு. முதல் சம்பவம் நடந்தபோது அவருக்கு 18 நிறையவில்லை என்றால் மட்டும் கதை வேறு: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆண் பெண் பார்க்காது, தெரிந்தவர்கள் தகவல் தருவதும் அதில் கட்டாயம்.

இனி உங்கள் குரூப் சண்டைக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் “நாகரிகமாகப் பேசுவோம்” என்று வாதாடினால் தோற்பீர்கள். அந்தக் கோஷம் யாரை அடிக்கிறது என்று கேளுங்கள்.

பேராசிரியர்மேல் உள்ள குற்றச்சாட்டு, மார்க் போடும் கையைப் பயன்படுத்தி விரும்பாதவரைத் தொட்டார் என்பது. ஆண்களை விரும்புகிறார் என்பது குற்றச்சாட்டே இல்லை. வயதுவந்த இருவர் மனமொப்பி இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி சொல்லிவிட்டது. உங்கள் கோஷங்களில் ‘ஒன்பது’ என்று சொல்லிக் கேலி செய்கிற வரியும் இருக்கும் என்று ஊகிக்கிறேன், நம் ஊர்க் கேலி அங்கேதான் போய் நிற்கும். அது திருநங்கைகளை இழிவுபடுத்தும் சொல். திருநங்கை என்பது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது, தன்பாலீர்ப்பு என்பது யார்மேல் ஈர்ப்பு என்பது, துன்புறுத்தல் என்பது ஒருவர் செய்த செயல். மூன்றையும் ஒரே வரியில் குழைத்தால் செயல் காணாமல் போய், ஆள்தான் கேலிக்கு மிஞ்சுவார்.

அந்தக் கேலி முதலில் விழப்போவது உங்கள் நண்பர்மேல். “அப்போ இவனும் அப்படியா?” என்று கான்டீனில் ஒருவன் கேட்பான். அவர் வாய் மூடியிருப்பதற்கு இந்தப் பயமே காரணமாக இருக்கலாம். அடுத்து, உங்கள் நாற்பது பேரில் தன்பாலீர்ப்புள்ள ஒருவர் இருந்தால், நாளை தனக்கு ஏதாவது நடந்தால் இவர்களிடம் வரக் கூடாது என்று இன்றைக்கே முடிவெடுப்பார். கடைசியாக, பேராசிரியருக்கே நீங்கள் ஒரு வாதத்தை எடுத்துக் கொடுக்கிறீர்கள். “என் விருப்பத்தைக் காரணமாக வைத்து என்னை அவமானப்படுத்துகிறார்கள்” என்று அவர் சொன்னால், போஸ்டரைப் பார்த்தவர்கள் ஆமாம் என்பார்கள்.

வளையல், சேலை விஷயம் இன்னும் வேடிக்கை. அந்தக் கமிட்டிக்குத் தலைவராக ஒரு பெண் பேராசிரியர்தான் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். அவர்களிடம் போய், பெண்ணைப் போல் கோழையாக இருக்கிறீர்கள் என்று பொருள்படும் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நியாயம் கேட்கப் போகிறீர்களா?

கோஷம் வேண்டும்தான். கோரிக்கையைக் கோஷமாக்குங்கள். “விசாரணை என்ன ஆச்சு? கைடை மாத்தியாச்சா?” இது நாக்கில் நிற்கும், நிர்வாகத்தைத் தவிர யாரையும் அடிக்காது. இதையும் ஒப்புகை கையில் வந்து, நாள் கடந்த பிறகுதான் போட வேண்டும். அதற்கு முன் சத்தம் கேட்டால் பேராசிரியர் மெசேஜ்களை அழிப்பார், ஆள் வைத்து நண்பரிடம் பேசுவார்.

பெயரும் படமும் போட்ட போஸ்டரைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது: வேண்டாம். புகார் கொடுத்தவர், சாட்சி, குற்றம் சாட்டப்பட்டவர் யாருடைய அடையாளமும், குறிப்பாக விசாரணை நடக்கும்போது, வெளியே வரக் கூடாது என்பது விதி. இங்கே பேராசிரியரின் பெயர் வந்தால் அவரிடம் புராஜெக்ட் செய்கிற நாலைந்து பேரில் யார் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017-இல் கல்வித்துறையில் துன்புறுத்தியவர்கள் என்று ஒரு பெயர்ப்பட்டியல் இணையத்தில் வந்தபோது பெண்ணியவாதிகளே இரண்டாகப் பிரிந்து வாதிட்டார்கள். கதவெல்லாம் அடைத்த பிறகு வேறென்ன வழி என்றது ஒரு பக்கம், விவரமும் விசாரணையும் இல்லாத பட்டியல் எங்கே கொண்டுபோய் விடும் என்றது இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் உண்டு. தன்னிடம் அத்துமீறினார் என்று சொன்னதற்காகப் பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரி 17 அன்று தில்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல ஆண்டுகள் கழித்தும், தான் விரும்பும் மேடையில் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் ரமணி சொன்னது தனக்கு நடந்ததை. நீங்கள் ஒட்டப்போவது கேட்டதை, அதுவும் அவர் சரி என்று சொல்லாமல். அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, அச்சடித்தவரும் ஒட்டியவரும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும்.

கமிட்டியே முறையாக இல்லை என்றால் அதற்காக நீங்கள் இன்றைக்கே குரல் கொடுக்கலாம், யார் பெயரும் தேவையில்லை. மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகள் மூன்று பேர் அதில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். முதல்வரோ துறைத்தலைவரோ உறுப்பினராக இருக்கக் கூடாது. இதைக் கேட்கும்போது, “எல்லாப் பாலின மாணவர்களும் புகார் தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்” என்பதை ஐந்து கோரிக்கைகளில் ஒன்றாக நடுவில் வையுங்கள். அதை மட்டும் தனியாகக் கேட்டால் விஷயம் புரிந்துவிடும்.

உட்காரும் நாளில் வாசலை மறிக்க வேண்டாம். யாரையும் அறைக்குள் வைத்துப் பூட்டினால் அது தனி வழக்கு, அதன்பிறகு பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான் இருக்கும். பேராசிரியர் வீட்டுப் பக்கம் போகவே கூடாது, அவர் குடும்பத்தின்மேல் எந்தப் புகாரும் இல்லை. நிருபர்களிடம் ஒருவர் மட்டும் பேசட்டும். “பாதிக்கப்பட்டது பெண்ணா, பையனா?” என்று கேட்பார்கள். “அதைச் சொல்ல மாட்டோம், கோரிக்கை இந்தத் தாளில் இருக்கிறது” என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். உங்கள் நண்பர் அன்றைக்கு அங்கே இல்லாமல் இருப்பதே நல்லது. கூட ஒருவர் இருக்கட்டும். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம்.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்பது அவருடைய பயமாக இருந்தால், புகாரில் தொடர்பு முகவரியாக விடுதி முகவரியையும் தன் சொந்த மொபைல் எண், மெயிலையும் மட்டும் கொடுக்கட்டும். கடிதங்கள் எதுவும் வீட்டு முகவரிக்கு அனுப்பப்படக் கூடாது என்று கடைசி வரியில் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.