சின்ன இடத்தில் காடை வளர்ப்பதால் என்ன நன்மை? கோழியே போதாதா?

கேட்டவரிடம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. முட்டைக்காக நாலு கோழி வாங்குவதா, ஒரு கூண்டு காடை வாங்குவதா என்பது அவர் குழப்பம். இரண்டையும் வளர்த்துப் பார்த்துவிட்டு இப்போது காடை மட்டும் வைத்திருப்பவன் நான்.

முதலில் முட்டைக் கணக்கைப் பார்த்துவிடலாம், பலரும் ஏமாறுவது அங்கேதான். என்னிடம் இருப்பவை ஜப்பானியக் காடைகள், 12 பெட்டை, 3 சேவல். வெளிச்சமும் தீவனமும் சரியாக இருந்தால் ஒரு பெட்டை ஆண்டுக்கு 250 முதல் 300 முட்டை வரை இடும். எனக்கு நாளைக்கு ஒன்பது, பத்து கிடைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு முட்டை 10 முதல் 12 கிராம்தான். பத்தையும் உடைத்து ஊற்றினால் இரண்டு கோழி முட்டை அளவு வரும். அதற்குப் பெட்டைகள் மட்டும் தினம் 300 கிராமுக்கு மேல் தின்கின்றன. அதே தீவனத்தில் நல்ல முட்டைக் கோழிகள் குறைவில்லாமல் இட்டுத் தள்ளும். அதனால் காடையில் தீவனம் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு எதற்குக் காடை? என்னைக் கேட்டால், நாள் கணக்குக்காக. இன்குபேட்டரில் வைத்த முட்டை 17, 18 நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். ஆக முட்டையிலிருந்து முட்டைக்கு இரண்டு மாதம் சொச்சம். கோழியில் அடைகாப்பே 21 நாள், அதற்குமேல் முதல் முட்டையைப் பார்க்க நாலைந்து மாதம். புதிதாக வளர்ப்பவருக்கு இது பெரிய வித்தியாசம், ஏனென்றால் தப்பு செய்யாமல் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

என் முதல் ஈட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குஞ்சு ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனியளவு, ஏழெட்டு கிராம். கோழிக் குஞ்சுகளுக்கு வைத்த தண்ணீர்த் தட்டையே இவற்றுக்கும் வைத்தேன். மூன்றாம் நாள் காலை பார்த்தால் ஐந்து குஞ்சு தண்ணீரில் கிடந்தன. ஒரு விரற்கடை ஆழம்கூட இருக்காது. அன்றிலிருந்து தட்டு நிறையக் கோலிக்குண்டைப் போட்டு, இடுக்கில் நிற்கும் தண்ணீரை மட்டும் குடிக்க விடுகிறேன். ஒன்றுகூடச் சாகவில்லை. அந்தப் பாடத்தை அடுத்த ஈட்டில் சரிபார்க்க நான் காத்திருந்தது இரண்டே மாதம். (இந்த வேகத்துக்காகத்தான் விண்வெளி ஆய்வாளர்களுக்கும் காடை பிடித்துப்போனது, 1990-இல் மீர் என்ற சோவியத் விண்வெளி நிலையத்திலேயே காடைக் குஞ்சு பொரிந்திருக்கிறது.)

இடமும் கம்மிதான். மூன்றடிக்கு இரண்டடிக் கூண்டில் பதினைந்தும் தாராளமாக இருக்கின்றன. உயரம் மட்டும் ஓர் அடிக்குக் குறைவாக இருக்கட்டும். பயந்தால் காடை நேராக மேலே எம்பும். கொஞ்சம் உயரமான கூண்டில் வேகமெடுத்து மண்டையை உடைத்துக்கொள்ளும். சேவல் கூவும், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் தெருவை எழுப்பும் கூவல் இல்லை. பெட்டைகள் வாய்க்குள்ளேயே பேசிக்கொள்ளும். கறிக்கென்றால் ஐந்தாறு வாரத்தில் தயார். கூடுதலாக வரும் சேவல்களை நான் அப்படித்தான் கழிக்கிறேன்.

எனக்குப் பிடித்தது சாயங்கால வேலை. கோழி காலையில் இடும், காடை பெரும்பாலும் பிற்பகலிலிருந்து இருட்டும்வரை. தட்டை இழுத்தால் முட்டைகள் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒவ்வொரு பெட்டைக்கும் தனிப் புள்ளி வாகு உண்டு: ஒன்று மை தெளித்த மாதிரி இடும், இன்னொன்று பெரிய பெரிய திட்டாக. தினமும் பார்த்தால் கையெழுத்து மாதிரி அடையாளம் தெரிந்துவிடும். ஒருநாள் அந்தத் திட்டு முட்டையைக் காணவில்லை என்றால் எந்தப் பெட்டையைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். ஓடு மெல்லியது, உள்சவ்வு கெட்டி. தட்டி உடைத்தால் ஓடு நொறுங்கி உள்ளே விழும். ரம்பப்பல் கத்தியால் நுனியைச் சீவுங்கள்.

காடை முட்டை அந்த நோயைத் தீர்க்கும், இந்த நோயைத் தீர்க்கும் என்று வருவதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல முட்டை, அவ்வளவுதான். கோழி முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இது சேரும் என்று நினைத்துச் சாப்பிடவே வேண்டாம், இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

தொல்லைகளும் உண்டு. வீட்டுக் காடை அடை படுப்பது அபூர்வம், அதனால் இன்குபேட்டர் வேண்டும், சூடு 37.5 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும், மின்சாரம் போனால் தவிப்புதான். நாளுக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் இல்லையென்றால் முட்டை குறையும், நின்றும் போகும். சின்ன விளக்கு ஒன்று போதும். தீவனத்தில் புரதம் கோழிக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக வேண்டும், முட்டையிடும் பெட்டைக்கு 20 சதவீதம் அளவுக்கு, குஞ்சுக்கு இன்னும் கூட. ஓராண்டு தாண்டினால் முட்டை குறையும். எச்சத்தை நாலு நாள் விட்டால் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். ஆனால் அதையே காய்ந்த இலையோடு மட்கவைத்தால் செடிக்கு அருமையான உரம். பச்சையாகப் போட்டால் வேர் கருகும். கோழியோடு ஒரே கூண்டில் விடாதீர்கள், நோய் தாவும். திறந்துவிட்டு மேய்க்கவும் முடியாது, பறந்துபோன காடை திரும்பி வராது.

தொடங்குவதென்றால் ஒரு மாதம் வளர்ந்த பறவைகளாக ஆறு பெட்டை, இரண்டு சேவல் வாங்குங்கள். நெஞ்சில் புள்ளி இருந்தால் பெட்டை, புள்ளியில்லாத செம்பழுப்பு என்றால் சேவல். அவை வருவதற்கு முன்பே கூண்டுக்கு அரை அங்குலக் கம்பிவலை அடித்து முடித்துவிடுங்கள். அதைவிடப் பெரிய கண்ணாக இருந்தால் ராத்திரியில் எலி வந்து காலைப் பிடித்து இழுக்கும்.