கோலுக்குப் பின்னால் 36 மீட்டர்

கேள்வி: நெல்லையில் கால்பந்துக்கென்றே தனி அரங்கம் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, வ.உ.சி. மைதானம் இருக்கிறது. வளர்ந்துவரும் ஊருக்கு ரோடும் சாக்கடையும் அல்லவா முதலில் வேண்டும்?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சாக்கடை கட்டாயம் வேண்டும். அது கட்டப்படாமல் கிடப்பதற்குப் பந்து ஆடும் பிள்ளைகள் காரணமில்லை. வணிக வளாகம் எழும்பும்போது யாருக்கும் வராத சாக்கடை நினைவு, மைதானம் என்றதும் வந்துவிடுகிறது. இது எனக்குக் கோபமூட்டுகிறது.

‘இருக்கிறது’ என்கிறீர்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். எட்டுத் தடங்கள் கொண்ட 400 மீட்டர் ஓடுதளத்துக்குள் 105-க்கு 68 மீட்டர் கால்பந்துக் களத்தை அடக்கினால், கார்னர் கொடிக்கும் ஓடுதளத்துக்கும் நடுவே மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு மீட்டர். கார்னர் அடிப்பவன் ஓடுதளத்தில் நின்றுதான் ஓடிவர வேண்டும். கோலுக்குப் பின்னால் உட்காரும் ரசிகர் கோல் கோட்டிலிருந்து குறைந்தது 36 மீட்டர் தள்ளியிருப்பார். எந்த ஊரில் கட்டினாலும் கணக்கு இதுதான். வ.உ.சி. மைதானமோ சுதந்திர தின அணிவகுப்புக்கும் வேண்டும், குடியரசு தின விழாவுக்கும் வேண்டும். விழா நடந்த எந்தத் திடலிலும் பந்தல்கால் நட்ட குழிகளை அரைகுறையாக மண் தள்ளி மூடியிருப்பார்கள். அதில் ஒரு கோல்கீப்பர் காலை வைத்தால் அந்த வருடம் அவனுக்கு முடிந்தது.

சங்கர் நகரில் கிரிக்கெட்டுக்குத் தனி மைதானம் இருப்பதால்தான் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் அங்கே நடந்தன. கோவில்பட்டியில் ஹாக்கிக்கென்று செயற்கைப் புல்தரை போட்டார்கள். அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். கால்பந்துக்கு மட்டும் ஏன் ஒண்டுக்குடித்தனம்? கூட்டம் வராது என்பவர்கள் காயல்பட்டினத்தில் போட்டி நடக்கும் ஒரு சாயங்காலம் போய்வரட்டும். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் போதுமே என்றும் சொல்கிறார்கள். வலைக்கூண்டுக்குள் நீண்ட பாஸ் கற்க முடியாது; காசில்லாத பையன் உள்ளேயே போக முடியாது.

ஆனால் அரங்கம் கேட்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. இருபதாயிரம் இருக்கை, அலங்கார வளைவு என்று வரைபடம் போடாதீர்கள். முதலில் தரை. அடியில் மணலும் சரளையும் பரப்பி, ஐப்பசி மழை நின்ற மறுநாளே ஆடக்கூடிய தரை. எங்கள் வெயிலில் செயற்கைப் புல் பகலெல்லாம் கொதிக்கும். தண்ணீருக்கு வழியிருந்தால் இயற்கைப் புல்லே நல்லது. பிறகு நான்கு விளக்குக் கம்பங்கள், ஒரு பக்கம் படிக்கட்டு, பெண்களுக்கு உடை மாற்றும் அறையும் கழிப்பறையும். இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்: தேசிய சீனியர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்கு 2018-லும் 2023-லும் வென்று தந்தவர்கள் பெண்கள். கூரையும் கூடுதல் இருக்கையும் கூட்டம் சேர்ந்தபின் வரட்டும்.

இடம் எது என்பதில்தான் எனக்குப் பயம். வேய்ந்தான்குளத்தில் பேருந்து நிலையம் கட்டிய ஊர் இது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷனும் கொக்கிரகுளமும் மூழ்கியதைப் பார்த்த பிறகும், ‘சும்மா கிடக்கும் குளத்தில் மைதானம் போடலாம்’ என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். குளத்திலும் கால்வாய்க் கரையிலும் வேண்டவே வேண்டாம். மேலப்பாளையத்துப் பையனும் பேட்டைப் பையனும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கக்கூடிய மேட்டு நிலமாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறவர்கள், நிலத்தின் சர்வே எண்ணையும் வருவாய்ப் பதிவேட்டில் அது என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தினமும் சாயங்காலம் நான்கு மணிக்குக் கேட்டைத் திறப்பது யார் பொறுப்பு என்பதையும் அதே மனுவில் கேளுங்கள்.